உன் மேல் கோபமில்லை அரசி, பொறாமை

அரசி,

உன் நிச்சயதார்த்தத்தன்று நீ அடுப்படிக்கு வந்து என் தோளைத் தொட்டாய். "ஏம்மா, என் மேல இன்னும் கோபம் போகலையா?" என்று கேட்டாய். நான் கேசரியைக் கிளறிக்கொண்டே, "எனக்கென்னடி கோபம்? போய் உக்காரு, அவங்க தேடுவாங்க" என்று அனுப்பிவிட்டேன். பட்டுப்புடவை சரசரக்க நீ திரும்பிப் போனதைப் பார்த்தபோதே தெரிந்தது, நீ என்னை நம்பவில்லை. அதற்குச் சற்று முன்னால்தான் ஹாலில் உன் அப்பா எழுந்து நின்று பேசினார். பத்துப் பேர் கூடினால் தொண்டை கட்டிக்கொள்கிற மனிதர். அன்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எங்க அரசி அனுப்பின சாட்டிலைட்டு இப்ப நம்ம தலைக்கு மேலதான் நிக்குது" என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டென்று அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நான் மட்டும் கேசரி அடிபிடிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். கேசரி அடிபிடிக்கவில்லை.

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொறாமை. பெற்றவளுக்கு மகள் மேல் பொறாமை வருமா என்று நீ நினைக்கலாம். வருகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருகிறது, துணி உலர்த்தும்போது வருகிறது, உன் பெயரைச் சொல்லி யாராவது என்னைப் பாராட்டும்போது கட்டாயம் வருகிறது. நீ வெளிநாடு போனாய், பெரிய வேலை பார்க்கிறாய் என்பதற்காக இல்லை. அதற்கெல்லாம் நான் சந்தோஷப்படத்தான் செய்கிறேன். என் பொறாமை உன் அப்பாவை வைத்து வந்தது. அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நான் இயற்பியல் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம். உன் அப்பாவுக்கு ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் மதுரைப் பேச்சு, அடுத்த வீட்டில் கோயமுத்தூர்ப் பேச்சு. உனக்கு நான்கு வயதானபோது, என்னுடன் படித்தவள் ஒருத்தி மூலமாக, சிட்டியில் ஒரு பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மாணவிகளுக்குச் சோதனைகளைச் செய்து காட்டுகிற வேலை. நேர்காணலுக்கு உன்னையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். அங்கே மேஜைமேல் ஒரு முப்பட்டகம் இருந்தது. கேள்வி கேட்ட அம்மாள் அதை உன் கையில் விளையாடக் கொடுத்தார். என்னைக் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். கடைசியாக, "எப்போ வந்து சேருவீங்க?" என்றார். ஆவடி திரும்புகிற ரயிலில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, என்றைக்கு எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் உன் அப்பா வந்ததும் காப்பியைக் கொடுத்துவிட்டு, "வேலை கெடச்சிருக்குங்க. போகட்டுமா?" என்று கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தினம் ரயில்ல போய்ட்டு வரணுமே. கூட்டத்துல இடிபட்டுகிட்டு எதுக்கு? ஃபேக்டரில இருக்கிறவன்லாம், பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிட்டான்னு பேசுவான். அரசிய யார் பாத்துப்பா? வேணாம்" என்றார். அவ்வளவுதான். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவருக்கு அது மறந்தே போயிருக்கும். எனக்கு அந்தக் கண்ணாடிப் பட்டகத்தை உன் கையிலிருந்து பிடுங்கித் திருப்பிக் கொடுத்தபோது நீ அழுதது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் நீதான் என் ஆய்வகம் ஆனாய். நீ ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும்போது, செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னான். "நின்னா விழுந்துடாதாம்மா?" என்று கேட்டாய். உன்னைக் குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொடிக்கயிற்றின் ஒரு முனையை உன்னிடம் கொடுத்து வட்டமாக ஓடச் சொன்னேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றபடி நானும் உன்னோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பினேன். "நான்தான் பூமி. நீ ஓடறே, நான் சுத்தறேன். ஆனா என் மூக்குக்கு நேரா எப்பவும் நீதானே இருக்கே? அப்ப எனக்கு நீ நிக்கிற மாதிரிதானே தெரியும்?" என்றேன். நீ கத்திக்கொண்டே ஓடினாய். எனக்குத் தலை சுற்றிப் புடவை தடுக்கி விழப் பார்த்தேன். மாடி வீட்டுப் பெண்கள் வராந்தாவில் வந்து நின்று சிரித்தார்கள். ஷிப்டு முடிந்து டிபன் கேரியரோடு வந்த உன் அப்பாவும் நின்று பார்த்தார். அடுத்த வாரம் ஊரிலிருந்து வந்தவர்களிடம், நீ அதைப் படம் போட்டு விளக்கியதும் பூரித்துப்போய், "அரசிக்கு எங்க அப்பா மூளை, அப்படியே வந்திருக்கு" என்றார். உன் தாத்தா கடலூரில் உப்பு மண்டிக் கணக்குப் பார்த்தவர். நல்ல மனிதர்தான். ஆனாலும் என் பொறாமை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண் விழித்தது என்று நினைக்கிறேன்.

உனக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது நாம் திருமுல்லைவாயிலில் வீடு கட்டி வந்திருந்தோம். தினமும் காலையில் அப்பா உன்னை சைக்கிளில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிடுவார். எனக்கு வேண்டாம் என்று சொன்ன அதே ரயிலில், அதே கூட்டத்தில், உன்னை அவரே ஏற்றிவிட்டார். உனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுவார். சாயங்காலம் மழை வந்தால் குடையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் போய் நிற்பார். நீங்கள் இருவரும் நனைந்துகொண்டு சிரித்தபடி உள்ளே வருவீர்கள். நான் துண்டை எடுத்து நீட்டுவேன். அந்த நேரத்தில் என் முகத்தை நீ ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்று இப்போது நிம்மதியாகவும் இருக்கிறது, கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.

பெங்களூரில் செயற்கைக்கோள் செய்கிற இடத்தில் உனக்கு வேலை கிடைத்தது. டெலிபோன்காரர்களும் டி.வி.க்காரர்களும் வாடகைக்கு எடுக்கிற செயற்கைக்கோள் அது, வேறு நாட்டு ராக்கெட்டில் தென் அமெரிக்காவிலிருந்து அனுப்பப் போகிறார்கள், நீயும் அங்கே போக வேண்டும் என்று சொன்னபோது கடலூர் அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். "கல்யாணம் ஆகாத பொண்ண அம்மாந்தூரம் தனியா அனுப்புவியாடா? நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்று உன் அப்பாவைக் கேட்டார். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அவ வேலை அது. பேசறவன் பேசட்டும். இந்த வீட்டுல யாரும் அதப்பத்திப் பேசக்கூடாது" என்றார். நீ ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அரசி, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இருபது வருஷம் காத்திருந்தேன். அது வந்தது. உனக்கு வந்தது.

நீ அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்பினாய். வெள்ளை அங்கி, தலைக்கு உறை, மூக்கு வாய் மூடிய துணி. கண் மட்டும்தான் தெரிகிறது. பக்கத்தில் தங்கக் காகிதம் சுற்றியதுபோல அந்தச் செயற்கைக்கோள், உன்னைவிட உயரம். ராக்கெட்டுக்குள் அடங்குவதற்காக ஆன்டெனாவை மடித்து வைத்திருக்கிறோம், மேலே போனதும் விரியும், அது விரிகிற கீல் என் பொறுப்பு என்று பின்னால் எழுதியிருந்தாய். அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து ஹாலில் மாட்டினார். எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்த ஆணியில். கல்யாணப் போட்டோ பீரோவுக்கு மேலே போயிற்று. "வேற ஆணி அடிச்சா சுவரு உதிருது" என்றார். தினமும் பெருக்கும்போது உன் கண்ணைப் பார்ப்பேன். முகமூடிக்குப் பின்னால் நீ சிரிக்கிறாய் என்று கண்ணிலேயே தெரிந்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பு எனக்கு வந்ததே இல்லையே என்று நினைத்துக்கொண்டே பெருக்குவேன்.

நம் வீட்டில் போன் இல்லை. நீ ஜமீலாவின் பூத்துக்குத்தான் பேசுவாய். ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிற ஜமீலாவை உனக்குத் தெரியும், பூந்தமல்லிக்காரி, ஊர் முழுக்க உரிமையோடு பேசுகிறவள். உன் போன் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருப்பாள். ஆனால் போன் வந்ததும் அப்பாதான் முதலில் வாங்குவார். வெளிநாட்டுப் போன், சீக்கிரம் முடிந்துவிடும். அவர் கேட்டு முடித்து என்னிடம் தரும்போது உனக்கு "வச்சிடறேம்மா" என்று சொல்லத்தான் நேரம் இருக்கும். ஜமீலா ஒருநாள் சொல்லியே விட்டாள்: "இன்னாக்கா நீ, பெத்தவ நீ ஸ்டூல்ல குந்திகினு கீற, நைனா மட்டும் பேசிகினே கீறாரு. புடுங்கிப் பேசுக்கா." நான் சிரித்து மழுப்பினேன். புடுங்கிப் பேசத் தெரிந்திருந்தால் நான் எதற்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

ராக்கெட் கிளம்பியது நமக்கு விடிகாலை. ரேடியோவில் வெற்றி என்று சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, சீக்கிரமே திறக்கிற பால்பூத் பக்கத்து ஸ்வீட் கடைக்கு ஓடினார். ஃபேக்டரி முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். நான் மொட்டைமாடிக்குப் போய்த் துணி உலர்த்தினேன். வானத்தில் ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ராக்கெட் கொண்டுபோய் விட்டதோடு வேலை முடியவில்லை, இனிமேல்தான் அதன் சொந்த என்ஜினைக் கீழேயிருந்து இயக்கி முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அப்புறம்தான் ஆன்டெனா விரிய வேண்டும் என்றும் தெரியும். அந்த வீதியிலேயே அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "அரசி அப்பா எங்க?" என்றுதான் கேட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் உன் மனதில் முள்ளாகக் கிடக்கிறது. நீ ஊர் திரும்பி நேராகக் கர்நாடகத்தில் இருக்கிற கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போய்விட்டாய். ஒரு மத்தியானம் ஜமீலா பூத்தைப் பூட்டாமல்கூட ஓடி வந்தாள். "யக்கா, உம் பொண்ணு லைன்ல அயுதுகினு கீது. ஊட்ட அப்படியே உட்டுட்டு வாக்கா." அப்பா அன்று வீட்டில்தான் இருந்தார். இரண்டு பேரும் ஓடினோம். வழக்கம்போல அவர்தான் ரிசீவரை எடுத்தார். "அரசி, சொல்லும்மா" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஒன்றும் புரியாத முகத்தோடு என்னிடம் நீட்டினார். "உன்னைத்தான் கேக்கறா."

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நீ அங்கே அழுதுகொண்டிருக்கிறாய், எனக்கு அந்த ஒரு நொடி உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவரை வேண்டாம் என்று என்னைக் கேட்டாயே என்று.

ஆன்டெனா விரியவில்லை என்றாய். கட்டளை அனுப்பினோம், மறுபடி அனுப்பினோம், அசையவில்லை என்றாய். என் கீல்தாம்மா, நான் சோதித்துப் பார்த்த கீல்தான், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், பெரியவர் ஒருத்தர் 'கல்யாணத்தப் பத்தி நினைச்சுக்கிட்டே டெஸ்ட் பண்ணியா'ன்னு கேட்டார் என்றாய். அப்புறம், "அம்மா, என்னால முடியல. நான் வீட்டுக்கு வந்துடட்டுமா? ராத்திரி பஸ்ஸுக்கே கெளம்பறேன்" என்றாய்.

போகட்டுமா என்று நான் கேட்ட அதே குரலில் நீ வரட்டுமா என்று கேட்டாய். 'வா' என்கிற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. எந்த அம்மாவுக்கும் வருகிற சொல்தானே என்று நீ நினைப்பாய். எனக்கு வந்தது வேறு வகை. வா, வந்து இந்த அடுப்படியில் என் பக்கத்தில் நில், நான் விட்டதை நீயும் விடு, அப்போது நாம் இரண்டு பேரும் ஒன்று என்று உள்ளே ஏதோ ஒன்று இனிப்பாகக் கூப்பிட்டது. அந்த இனிப்பு எனக்குப் பயமாக இருந்தது, அரசி. ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் சொல்லியிருப்பேன். அதனால்தான் கத்தினேன். "வராதே! வந்தா இங்க உனக்குச் சோறு கிடையாது. போய் அவங்களோட நில்லு" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். அப்பா என்னை அடிக்காத குறையாகப் பார்த்தார். ஜமீலா, "இன்னாக்கா இப்டி பேசிட்ட, கொயந்தக்கா அது" என்று அழுதே விட்டாள்.

மறுநாள் நீ பேசினாய். அப்பாவிடம்தான் பேசினாய். இராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசித்து, கீல் இருக்கிற பக்கத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்தீர்கள், சூடு ஏறியதும் அது இளகி விரிந்துவிட்டது, அந்த யோசனையில் உனக்கும் பங்கு உண்டு என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 'அம்மாகிட்ட குடுங்க' என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதிலிருந்து உனக்கும் எனக்கும் நடுவில் அந்தச் சோற்றுப் பேச்சு உட்கார்ந்திருக்கிறது. நான் சமைத்ததை நீ மறுசோறு கேட்டுச் சாப்பிட்டு நாளாகிறது. நானும் அதைக் கவனிக்காமல் இல்லை.

உன் நிச்சயம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அப்பாவிடம் கேட்டேன். ஆரத்தித் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டேன். "அவளுக்கு மட்டும் எப்படி விட்டீங்க? என்னை ஏன் விடல?" அவருக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. காலேஜ் வேலை என்று சொன்னதும் நெற்றியைத் தேய்த்தார். "நீ போகட்டுமான்னு கேட்ட. அவ போறேன்னு சொன்னா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டு கையிலிருந்து நழுவிச் சுவரோரம் உருண்டு போயிற்று. "கேட்டது தப்பா?" என்றேன். "தப்புன்னு சொல்லல. அப்ப எனக்கு அறிவு அவ்ளோதான். நீ ஒரு தடவை அழுதிருந்தாகூட விட்டிருப்பேன்" என்றார். அழுதால் தருவது, கேட்டால் தராதது. இதை ஒரு மனிதர் இவ்வளவு வருஷம் கழித்து எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பார். மூன்று வேளையும் சமைத்துப் போட்டேன், ஆனால் நான்கைந்து நாள் அவரோடு பேசவில்லை. அவர் ஒருநாள் தானே சுத்தியலை எடுத்து, சுவர் உதிர்ந்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு ஆணி அடித்துக் கல்யாணப் போட்டோவை உன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். கோணலாகத்தான் தொங்குகிறது. நான் நேராக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அம்மா மகளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இருக்கும். எனக்கு ஒன்றுதான் தெரியும். மாப்பிள்ளை நல்ல பையன். நிச்சயத்தன்று என்னிடம் வந்து, "அத்தை, அரசி வேலைக்குப் போறதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். உன் கண் மின்னியது, நன்றியோடு அவரைப் பார்த்தாய். அந்த நன்றியைக் கொஞ்சம் குறைத்துக்கொள். குறுக்கே நிற்காததற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தால், நிற்கிற உரிமை அவருக்கு இருந்தது என்று ஆகிவிடும். அவருக்குக் காய் நறுக்கத் தெரியுமா என்று கேள். தெரிந்தால் அதற்கு நன்றி சொல்.

இன்னொன்று. என் பொறாமை போய்விட்டது என்று எழுதி முடித்தால் உனக்கு ஆறுதலாக இருக்கும். போகவில்லை. நேற்றுகூட டி.வி.யில் படம் தெளிவாக வந்ததும் அப்பா "அரசி உபயம்" என்றார், எனக்குச் சுருக்கென்றது. உன் மேல் பொறாமைப்படுகிற இந்த மனுஷிதான் அன்று போனில் உன்னை அங்கேயே நிறுத்தி வைத்தவளும். இரண்டு பேரையும் பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை. நீயும் பிரித்துப் பார்க்காதே. அந்தச் சோற்றுப் பேச்சுக்கு மட்டும் மன்னித்துவிடு. உனக்கு இந்த வீட்டில் எப்போதும் சோறு உண்டு.

உன் கல்யாணம் முடிந்து அடுத்த மாதம் நான் பெங்களூர் வருகிறேன். இன்று காலை அப்பாவிடம், "அடுத்த மாசம் நான் போறேன்" என்றேன். "எங்க?" என்றார். சொன்னேன். "ரெண்டு பேரும் போலாமே" என்றார். வேண்டாம் என்றுவிட்டுப் போய் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு டிக்கெட். அங்கிருந்து என்னை அந்தக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு நீதான் பஸ்ஸில் கூட்டிப்போக வேண்டும். உள்ளே விடமாட்டார்கள் என்றால் கேட்டுக்கு வெளியே நின்றாவது செயற்கைக்கோளோடு பேசுகிற அந்தப் பெரிய வெள்ளை ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். உன் மாமியார் வீட்டில், மகளைப் பார்க்க அம்மா வருகிறாள் என்று சொல்லிவிடாதே. ஆன்டெனா பார்க்க வருகிறாள் என்று சொல்.

அம்மா